பிணைந்த ஒளித்துகள்கள் பொருளை அடையாளம் காட்டுமா? சுன்னாகத்துக் கிணற்று நீரை முன்வைத்து ஒரு மதிப்பீடு

ஒரு பொருளைக் கரைக்காமல், எரிக்காமல், தொடாமல், ஒளியை மட்டும் அதனூடே செலுத்தி இன்ன பொருள் என்று சொல்லிவிட முடியுமா? முடியும் என்று அறிவியல் சொல்லத் தொடங்கி நூற்று அறுபது ஆண்டுகளுக்கு மேலாகிறது. எந்தப் பொருளை, எவ்வளவு நுண்ணிய அளவில், எதனோடு கலந்திருக்கையில் என்று அடுத்த கேள்விகளைத் தொடுக்கும்போதுதான் அந்த விடை தடுமாறுகிறது. அந்தத் தடுமாற்றத்துக்கு மருந்தென்று கடந்த முப்பது ஆண்டுகளாக இயற்பியலாளர் சிலர் முன்வைத்து வருவது பிணைந்த ஃபோட்டான்களை. ஒரே கணத்தில் சோடியாகப் பிறந்து, வெவ்வேறு வழியே பிரிந்து போன பின்பும், ஒன்றின் இயல்பை மற்றதை விட்டுத் தனியே சொல்ல முடியாதபடி நிற்கும் ஒளித்துகள்கள் அவை.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் இக்கேள்விக்கு ஓர் அவசரம் உண்டு. வற்றாத ஆறு ஒன்றும் இங்கே இல்லை. மாரியில் மட்டும் ஓடும் வழுக்கையாற்றை விட்டால், குடிப்பதற்கும் தோட்டத்துக்கும் சுண்ணாம்புக் கற்பாறையில் தேங்கும் மழைநீரே கதி. வெடிப்பும் குடைவுமான அந்தப் பாறை, மேலே விழுவதைச் சரியாக வடிகட்டாமல் விரைவாகக் கீழே இறக்கிவிடும். 2010களின் நடுப்பகுதியில் சுன்னாகத்தைச் சுற்றியுள்ள கிணறுகளில் எண்ணெய் கலந்திருக்கிறது என்ற முறைப்பாடு எழுந்தபோது, தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் சோதனைகளும் வட மாகாண சபை அமைத்த நிபுணர் குழுவின் முடிவும் ஒத்துப்போகவில்லை. விடயம் உயர் நீதிமன்றம் வரை போனது. அங்கு இயங்கிய அனல் மின் நிலைய நிறுவனம் பாதிக்கப்பட்டோருக்கு இரண்டு கோடி ரூபா இழப்பீடு வழங்க வேண்டும் என்று 2019 ஏப்ரல் 4இல் தீர்ப்பு வந்தது. சட்டத்தின் கேள்வி அத்துடன் ஒருவாறு முடிந்தது. நீரில் இருப்பது எந்த எண்ணெய், அதை ஐயமறச் சொல்லும் வழி எது என்ற இரசாயனத்தின் கேள்வி முடியவில்லை. ஆகவே, பிணைந்த ஒளியைப் பற்றிய வெவ்வேறு கட்சிகளை இங்கே எடைபோடும்போது அந்த நீரையே உரைகல்லாகக் கொள்வது பொருந்தும்.

பழைய விடை

கண்ணால் காணும் நிறத்தை இரசாயனச் சான்றாக மாற்றியவர்கள் ஹைடல்பேர்க்கில் பணியாற்றிய கிர்க்ஹோஃபும் புன்சனும். ஒவ்வொரு தனிமமும் சுவாலையில் தனக்கே உரிய கோடுகளை உமிழ்கிறது என்பதை 1859-60இல் நிறுவிய அவர்கள், அதே முறையால் ஒரு புதுத் தனிமத்தையும் கண்டெடுத்தனர். அது சீசியம். கிடைத்த இடம் டூர்க்ஹைம் ஊற்று நீர். நாற்பதாயிரம் லீற்றருக்கு மேற்பட்ட நீரை வற்றவைத்துத்தான் அந்தத் தனிமத்தின் உப்பைச் சிறிதளவு திரட்ட முடிந்தது என்பதை நினைவில் கொள்ள வேண்டும். ஒளி அடையாளம் காட்டியது. செறிவாக்கியது மனித உழைப்பு. இந்த வேலைப் பங்கீடு பின்னர் அடிக்கடி மறக்கப்பட்டது.

விண்ணுலகுக்கு அதே முறை விரைவில் சென்றது. 1868 ஆகஸ்ட் 18ஆம் திகதி முழுச் சூரிய கிரகணத்தைக் குண்டூரிலிருந்து வானியலாளர் ழான்சன் நிறமாலைமானியால் நோக்கினார். அதே ஆண்டில் வானியலாளர் லாக்யர் சூரிய ஒளியில் கண்ட மஞ்சள் கோடு, பூமியில் அதுவரை அறியப்படாத ஹீலியத்தின் கையொப்பம் என்று பின்னர் தெளிவாயிற்று. இப்பகுதியில் தெரிந்த அடுத்த முழுக் கிரகணம் 1871 டிசம்பர் 12. அதன் நிழல் தென்னிந்தியாவைக் கடந்து யாழ்ப்பாணத்தின் மீதும் சென்றது. லாக்யர் தலைமையில் வந்த பிரித்தானியப் பயணக்குழுவின் ஒரு பிரிவு யாழ்ப்பாணத்தில் தங்கி, கிரகணத்தைப் படமெடுத்தது. ஒளியைப் பிரித்துப் பொருளை அறியும் கலையின் தொடக்க வரலாற்றில் இந்த ஊருக்கும் ஒரு வரி உண்டு என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

அணுக்களுக்குச் சுவாலை போதும். மூலக்கூறுகளுக்கு வேறு இரண்டு வழிகள் வாய்த்தன. ஒன்று, அகச்சிவப்பு என்று தமிழகத்திலும் செங்கீழ் என்று இங்கும் சொல்லப்படும் கதிர்கள் எந்த அலைநீளத்தில் உறிஞ்சப்படுகின்றன என்று பார்ப்பது. மூலக்கூறுப் பிணைப்புகளின் அதிர்வுகள் அங்கேதான் தெரியும். மற்றது, 1928 பெப்ரவரி 28ஆம் திகதி கல்கத்தாவில் சி.வி. ராமனும் கே.எஸ். கிருஷ்ணனும் கண்ட சிதறல். காணும் ஒளியே மூலக்கூறில் பட்டுச் சிதறும்போது அதிர்வின் சக்தியை இழந்தோ பெற்றோ நிறம் சற்று மாறுகிறது. தொடக்க அறிக்கையிலேயே ஏறத்தாழ அறுபது திரவங்களில் அது காணப்பட்டதாக அவர்கள் எழுதினர். செங்கீழ்ப் பகுதியின் செய்தியைக் காணும் ஒளிக்கு மாற்றித் தருவதே அதன் அருமை. பிணைந்த ஃபோட்டான்களைக் கொண்டு இன்று செய்யப்படுவனவற்றில் மிகப் பயனுள்ளதும் வேறொரு பாதையில் அதே காரியத்தைத்தான் செய்கிறது என்பதைப் பின்னே காண்போம்.

எங்கே தடைப்பட்டது

பழைய வழிகளின் தடைகளுள் இரண்டு இயற்பியலின் பாற்பட்டவை. செங்கீழ்க் கதிரை உணரும் கருவிகள் விலை கூடியவை, பல வேளைகளில் குளிரூட்ட வேண்டியவை. சுற்றியுள்ள பொருட்களின் வெப்பமே அவற்றில் இரைச்சலாக விழும். கைப்பேசிக் கமெராவில் இருக்கும் சிலிக்கன் உணரிக்கு இந்தத் தொல்லை இல்லை, ஆனால் அது செங்கீழ்ப் பகுதியின் பெரும்பங்கைக் காணாது. இரண்டாவது தடை ஒளியின் துகள் இயல்பிலேயே உள்ளது. சாதாரண லேசரின் ஃபோட்டான்கள் ஒழுங்கின்றி வந்து விழுவதால், பத்தாயிரம் ஃபோட்டான்களை எண்ணினால் நூறு கூடவோ குறையவோ இருக்கும். நூற்றுக்கு ஒரு பங்கிலும் குறைந்த உறிஞ்சலை அந்த எண்ணிக்கையால் நம்பிச் சொல்ல முடியாது. பத்து மடங்கு நுட்பம் வேண்டுமானால் நூறு மடங்கு ஒளி வேண்டும்.

மூன்றாவது தடை இயற்பியலில் இல்லை, மாதிரியில் இருக்கிறது. நீரிலுள்ள எண்ணெயை அளந்த வரலாறே இதற்குப் போதிய சான்று. எண்ணெய்களிலுள்ள காபன்-ஐதரசன் பிணைப்பு ஏறத்தாழ 3.4 மைக்குரோமீற்றர் அலைநீளத்தில் செங்கீழ் ஒளியை உறிஞ்சுகிறது. நீரிலிருந்து எண்ணெயை ஒரு கரைப்பானுக்குள் பிரித்தெடுத்து, அந்த அலைநீளத்தில் உறிஞ்சலை அளப்பது நெடுங்காலம் வழக்கிலிருந்த முறை. கரைப்பானுக்கே அந்தப் பிணைப்பு இருக்கக்கூடாது என்பதால் சீஎஃப்சி-113 பயன்பட்டது. ஓசோன் படையைக் காக்க 1987இல் உருவான மொன்றியல் உடன்படிக்கை அந்தக் கரைப்பானை வழக்கொழித்தது. அதன் இடத்துக்கு வந்த ஹெக்சேனுக்குக் காபன்-ஐதரசன் பிணைப்பு உண்டு. ஆகவே அதே இடத்தில் ஒளியால் அளக்க முடியாமல் போய், கரைப்பானை ஆவியாக்கி எஞ்சியதை நிறுக்கும் முறை பரவியது. நிறுத்தல் முறை "எண்ணெயும் கொழுப்பும்" என்று ஒரு தொகையைத் தரும். அது டீசலா, உராய்வு நீக்கி எண்ணெயா, சமையல் எண்ணெயா என்று நிறை சொல்லாது. ஒளியால் அறிதல் இங்கே தோற்றது நல்ல உணரி இல்லாததாலன்று. தகுந்த கரைப்பான் இல்லாமற் போனதால்.

சோடியாகப் பிறக்கும் ஒளி

பிணைப்பு என்ற கருத்து 1935இல் ஐன்ஸ்டைன், பொடொல்ஸ்கி, ரோசன் மூவரும் எழுதிய கட்டுரையோடும், அதே ஆண்டு ஷ்ரோடிங்கர் அதற்கு இட்ட பெயரோடும் தொடங்குகிறது. 1964இல் ஜோன் பெல் அதைச் சோதிக்கக்கூடிய கணிதமாக்கினார். அந்தச் சோதனைகளுக்காக ஆஸ்பே, கிளவுசர், சைலிங்கர் ஆகியோருக்கு 2022ஆம் ஆண்டின் நொபெல் பரிசு கிடைத்தது. இவை தத்துவ விவாதங்கள். அளவீட்டுக்கு வேண்டிய கருவி 1970இல் பர்னமும் வைன்பேர்க்கும் செய்த பரிசோதனையில் கிடைத்தது. சிலவகைப் பளிங்குகளில் லேசர் ஒளி விழும்போது, அரிதாக ஒரு ஃபோட்டான் இரண்டாகப் பிளக்கிறது. இரண்டும் ஒரே நேரத்தில் வெளிவருகின்றன. பிளந்தவற்றின் சக்திகளைக் கூட்டினால் மூல ஃபோட்டானின் சக்தி கிடைக்க வேண்டும். ஆகவே ஒன்றின் நிறம் தெரிந்தால் மற்றதன் நிறமும் தெரியும். ஒன்றைச் சிவப்பாகவும் மற்றதைச் செங்கீழாகவும் பெறுவது பளிங்கைத் தெரிந்தெடுக்கும் விதத்தில் இருக்கிறது.

அரிதாக என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். பளிங்கைப் பொறுத்து, பல இலட்சம் முதல் பல நூறு கோடி வரையான ஃபோட்டான்களில் ஒன்றே இவ்வாறு பிளக்கிறது.

இரைச்சலைக் குறைக்கலாம் என்போர்

முதற்கட்சியின் வாதம் எளிது. சோடியில் ஒன்றை எண்ணிவிட்டால் மற்றதும் வந்தே தீரும். எனவே எத்தனை ஃபோட்டான்கள் மாதிரிக்குள் நுழைந்தன என்பது ஊகமன்று, எண்ணிக்கை. 2010இல் இத்தாலியின் தூரினில் ஜெனோவேசேயின் குழு இரைச்சல் எல்லைக்குக் கீழே படமெடுத்துக் காட்டியது. 2017இல் பிரிஸ்டலில் இவ்வழியால் ஹீமோகுளோபினின் உறிஞ்சல் அளக்கப்பட்டது. மெல்லிய உறிஞ்சலுக்குத்தான் இம்முறையால் ஆதாயம் கூடுதல்.

இதன் பலவீனம் கணக்கிலேயே தெரிகிறது. நூற்றுக்கு ஒன்றை உறிஞ்சும் மாதிரியை, வரும் ஃபோட்டான்களில் தொண்ணூறு வீதத்தைப் பிடிக்கும் உணரியால் பார்த்தால், மாறற்றிறன் ஏறத்தாழ ஒன்பதில் ஒன்றாகக் குறையும். உணரி ஐம்பது வீதமே பிடித்தால் ஆதாயம் பாதியோடு நின்றுவிடும். அந்த ஒன்பது மடங்கையும் சாதாரண லேசரின் ஒளியை ஒன்பது மடங்காக்கிப் பெற்றுவிடலாம். ஒளியைக் கூட்டினால் கெட்டுப்போகும் மாதிரிக்கே, உயிருள்ள கலம் போன்றவற்றுக்கே, இந்தச் சிக்கனம் பொருள் உள்ளதாகிறது. 2021இல் குயின்ஸ்லாந்தில் போவனின் குழு, ஒளியால் கலங்கள் கெடும் எல்லையில் நின்று, ராமன் நுண்காட்டியின் சைகையை இரைச்சலோடு ஒப்பிட 35 வீதம் உயர்த்தியது இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஆயினும் அங்கே பயன்பட்டது பிணைந்த சோடிகளன்று. நெருக்கப்பட்ட ஒளி என்ற அதன் உறவினம். கிணற்று நீர் எவ்வளவு ஒளியையும் தாங்கும் என்பதால் இக்கட்சிக்கு இங்கே அதிகம் வேலை இல்லை.

தொடாத ஒளியில் தோன்றும் உருவம்

1995இல் மேரிலாந்து பல்கலைக்கழகத்தின் பால்ட்டிமோர் வளாகத்தில் யான்ஹுவா ஷீயின் குழு, சோடியில் ஒரு ஃபோட்டானை எழுத்துகள் வெட்டிய தகட்டினூடே அனுப்பி, தகட்டைத் தொடாத மற்ற ஃபோட்டானின் பாதையில் அந்த எழுத்துகளின் உருவத்தைப் பெற்றது. இரண்டு உணரிகளும் ஒரே கணத்தில் பதிந்த நிகழ்வுகளை மட்டும் தெரிந்தெடுத்ததால் அது சாத்தியமாயிற்று. நிறத்துக்கும் இதையே செய்யலாம் என்று 2003-04இல் காட்டினர். மாதிரியைக் கடந்த ஃபோட்டானை நிறம் பிரிக்காமல் எண்ணினால் போதும். அதன் துணையை நிறமாலைமானிக்குள் அனுப்பி மாதிரியின் நிறமாலையைப் பெறலாம்.

மறுப்பு விரைந்து வந்தது. 2002இல் றொச்செஸ்டரில் பொய்டின் குழு பிணைப்பே இல்லாத சாதாரண ஒளியால் அதே வகை உருவத்தைப் பெற்றுக் காட்டியது. 2008இல் ஷப்பிரோ இன்னும் ஒரு படி போய், ஒளியின் கோலத்தைக் கணினியால் அமைத்தால் இரண்டாவது கற்றையே தேவையில்லை என்றார். இன்று நடுநிலையாகச் சொல்லக்கூடியது: பின்னணி ஒளியை ஒதுக்கவும் மிகக் குறைந்த ஒளியில் வேலை செய்யவும் பிணைந்த சோடி உதவுகிறது, ஆனால் உருவம் தோன்றுவதற்கு அது நிபந்தனையன்று. ஒரு புதுமையைக் குவாண்டம் என்று பெயரிட்ட பின் அதைப் பழைய ஒளியாலும் செய்துவிடுவது இத்துறையில் திரும்பத் திரும்ப நடக்கும் கூத்து.

காணாத ஃபோட்டானால் காண்பது

இக்கூத்துக்குள் முழுதும் அகப்படாத முறை ஒன்று உண்டு. இன்றைக்குப் பொருளை இனங்காணும் வேலைக்கு மிக நெருங்கி வந்திருப்பதும் அதுவே.

1991இல் லியோனார்ட் மண்டல் தம் மாணவர்களான ஸோ, வாங் ஆகியோருடன் செய்த பரிசோதனையில் அதன் வேர் இருக்கிறது. ஒரே லேசரால் இரண்டு பளிங்குகளை இயக்குகிறார்கள். முதற் பளிங்கில் பிறக்கும் சோடியில் செங்கீழ் ஃபோட்டானை, இரண்டாவது பளிங்கில் பிறக்கும் செங்கீழ் ஃபோட்டானின் பாதையோடு சரியாகப் பொருந்தும்படி செலுத்துகிறார்கள். இப்போது ஒரு செங்கீழ் ஃபோட்டான் எந்தப் பளிங்கில் பிறந்தது என்று யாராலும் சொல்ல இயலாது. ஆகவே அதன் துணையான காணும் ஃபோட்டான் எதில் பிறந்தது என்றும் சொல்ல இயலாது. அப்போது இரு காணும் ஒளிப்பாதைகளும் ஒன்றோடொன்று தலையிட்டு ஒளியும் இருளுமான கோலம் தருகின்றன. இரண்டு பளிங்குகளுக்கும் இடையே செங்கீழ்ப் பாதையில் ஒரு பொருளை வைத்து அது ஒளியை உறிஞ்சினால், எங்கே பிறந்தது என்ற ஐயம் நீங்கத் தொடங்குகிறது, கோலம் மங்குகிறது. எவ்வளவு மங்கியது என்பதிலிருந்து எவ்வளவு உறிஞ்சப்பட்டது என்று கணக்கிடலாம். பொருளைத் தொட்ட ஃபோட்டானை எந்த உணரியும் பார்க்கவில்லை. பார்க்கப்பட்ட ஃபோட்டான் பொருளைத் தொடவில்லை.

இருபது ஆண்டுகளுக்கு மேல் இது அடிப்படை இயற்பியலின் விந்தையாகவே இருந்தது. 2014இல் வியன்னாவில் கப்ரியேலா பரேட்டோ லெமோஸ், சைலிங்கர் முதலியோர் அதைப் படமாக்கினர். 532 நானோமீற்றர் லேசர் 810, 1550 என்று பிளந்தது. 1550 ஃபோட்டான் பூனை வடிவம் பொறித்த சிலிக்கன் தகட்டினூடே போனது. சிலிக்கன் தகட்டைக் கடக்க முடியாத 810இல் பூனையின் படம் கமெராவில் விழுந்தது. நிறமாலைக்குத் திருப்பியவர்கள் சிங்கப்பூரில் லியோனிட் கிரிவிட்ஸ்கியின் குழுவினர். 2016இல் வெளியான அவர்களின் ஆய்வில், காபனீரொட்சைட்டு 4.3 மைக்குரோமீற்றர் அருகே உறிஞ்சுவதைக் காணும் ஒளியின் உணரியால் அளந்தனர். அதன்பின் வேகம் கூடியது. ஜெர்மனியின் ஃபிரைபுர்க்கில் ஃபிரவுன்ஹோஃபர் நிறுவனத்தார் இம்முறையை வணிக நிறமாலைமானிகள் செயற்படும் வடிவத்துக்குக் கொண்டு வந்து மெதேன் வாயுவை அளந்தனர். பேர்லினில் ராமெலோவின் குழு 2020இல் செங்கீழ் நுண்காட்டி ஒன்றைக் காட்டியது. கியோத்தோவில் தக்கெயுச்சியின் குழு வெள்ளி கல்லியம் சல்பைட்டுப் பளிங்கைக் கொண்டு, மூலக்கூறுகள் ஒன்றுக்கொன்று மிகத் தெளிவாக வேறுபடும் நெடிய அலைநீளப் பகுதிக்குள் சென்றது.

ராமன் விளைவோடு ஒப்பிடாமல் இருக்க முடியவில்லை. அங்கே மூலக்கூறே செங்கீழ்ச் செய்தியைக் காணும் ஒளிக்கு மொழிபெயர்க்கிறது. ஆனால் மிகச் சிறு பங்கில். இங்கே அந்த மொழிபெயர்ப்பைப் பளிங்கு செய்கிறது. மூலக்கூறின் மீது வலிய லேசர் விழத் தேவையில்லை, ஒளிர்வு என்ற தொல்லையும் இல்லை.

இம்முறைக்கும் இரண்டு கேள்விகள் உண்டு. பிணைப்பு உண்மையில் வேண்டுமா என்பது முதலாவது. 2015இல் ஷப்பிரோவும் கூட்டாளிகளும் இதன் சாதாரண ஒளி வடிவத்தைக் கோட்பாட்டில் வரைந்தனர். பிரேசிலில் ஒரு குழு, வெளியிலிருந்து செலுத்திய இன்னொரு லேசரின் தூண்டலால் 2018இல் அப்படிப்பட்ட படத்தைப் பெற்றது. குவாண்டம் கட்சியார் விடை சொல்கிறார்கள்: தூண்டாத வடிவத்தில் செங்கீழ் லேசரே தேவையில்லை, மாதிரியில் விழும் ஒளியும் மிகக் குறைவு. என் மதிப்பீட்டில் இது வெற்று வாதமன்று, கருவி அமைப்போருக்குப் பயனுள்ள வேறுபாடு. ஆயினும் அந்த ஆதாயம் வருவது சோடியின் நிறப்பொருத்தத்திலிருந்தே. பெல் சோதிக்கத்தக்கதாக்கிய பிணைப்பின் ஆழமான புதிருக்கு அதில் பெரும்பங்கு இல்லை. இரண்டாவது கேள்வி போட்டியைப் பற்றியது. செங்கீழ் ஒளியை நேரே தரும் குவாண்டம் அடுக்கு லேசர்கள் சந்தைக்கு வந்துவிட்டன. சோடிகளின் எண்ணிக்கை அவற்றின் ஒளிக்கு அருகில் கூட வராது.

இரட்டை உறிஞ்சல் என்ற சர்ச்சை

இத்துறையில் மிகச் சூடான விவாதம் வேறிடத்தில் நடக்கிறது. சில மூலக்கூறுகள் இரண்டு ஃபோட்டான்களை ஒரே கணத்தில் விழுங்கும். சாதாரண ஒளியில் இரண்டு ஃபோட்டான்கள் தற்செயலாகச் சந்திக்க வேண்டியிருப்பதால் வலிய லேசர் தேவை. பிணைந்த சோடி சேர்ந்தே வருவதால் மிக மெல்லிய ஒளியிலும் அது நடக்கும், உறிஞ்சலும் ஒளிச்செறிவின் வர்க்கத்தோடு வளராமல் நேர்விகிதத்தில் வளரும் என்று 1990 வாக்கில் கோட்பாடு சொன்னது. 1995இல் கிம்பிளின் குழு நெருக்கப்பட்ட ஒளியில் சீசியம் அணுக்களைக் கொண்டு அந்த விலகலைக் கண்டது. அணுவிலிருந்து பெரிய மூலக்கூறுக்குத் தாவியபோதுதான் சிக்கல் தொடங்கியது. 2006 முதல் மிச்சிகனில் குட்சனின் குழு, சாயங்களிலும் பெருமூலக்கூறுகளிலும் மிகப் பெரிய உறிஞ்சலை அறிவித்து வந்தது. அது உண்மையானால் பொருளை இனங்காண ஒரு புதிய கையொப்பமே கிடைத்திருக்கும்.

2021இல் கொலராடோவின் போல்டரிலும் ஒரிகனிலும் தனித்தனியே மிகக் கவனமான அளவீடுகள் நடந்தன. எந்தச் சைகையும் காணவில்லை; இருந்தாலும் அது முன்னர் சொன்னதைவிடப் பல மடங்கு சிறியதாகவே இருக்க வேண்டும் என்ற மேல் எல்லைகள் மட்டும் கிடைத்தன. அதே ஆண்டு ஜெனீவாவில் ஒரு குழு றொடமின் சாயத்தில் சைகை கண்டதாக அறிவித்தது. பின்னர் வந்த ஆய்வுகள், தனி ஃபோட்டானின் சிதறலும், வெப்பத்தால் ஏற்கெனவே கிளர்ந்த மூலக்கூறுகளின் சாதாரண உறிஞ்சலும் அதே நேர்விகிதக் கோட்டைப் போலியாகக் காட்டக்கூடும் என்று எச்சரித்தன. மூலக்கூறுகளில் இந்த விளைவு உண்டா இல்லையா என்பதைவிட, பயன்படும் அளவில் உண்டா என்பதே இப்போது வினா. இன்றுள்ள சான்றின் பாரம் இல்லை என்ற பக்கமே சாய்கிறது.

தொலைவிலுள்ள பொருளைப் பின்னணி இரைச்சலுக்கு நடுவே கண்டறிய 2008இல் செத் லொயிட் முன்மொழிந்த வழியை இங்கே சுருக்கமாகக் கடந்து போகலாம். திரும்பி வரும்போது பிணைப்பு சிதைந்து போனாலும் ஆதாயம் எஞ்சுகிறது என்பது அதன் கவர்ச்சி. கோட்பாட்டில் அந்த ஆதாயம் 6 டெசிபெல். ஆனால் அது இருக்கிறதா என்று கேட்கும் முறை. எதுவென்று கேட்கும் முறையன்று. ஒளி அலைநீளங்களில் பின்னணி இரைச்சல் குறைவு என்பதால் அதன் பொருத்தமும் அங்கே குறைகிறது.

சுன்னாகத்து நீரை வைத்துப் பார்த்தால்

குடாநாட்டு நீரின் நோய்கள் மூன்று: உப்பு, நைத்திரேற்று, எண்ணெய். உப்பை மின்கடத்து திறன் கருவி மலிவாகச் சொல்லிவிடும். நைத்திரேற்று அளவில் எண்ணெயைவிடப் பரந்த துன்பம். வெங்காயம், மிளகாய், புகையிலைத் தோட்டங்களுக்கு இடும் உரமும் மலசலகூடக் குழிகளும் சுண்ணாம்புப் பாறை வழியே கலப்பதால், உலக சுகாதார நிறுவனம் வகுத்த லீற்றருக்கு 50 மில்லிகிராம் எல்லையைக் குடாநாட்டுக் கிணறுகள் பல தாண்டுவது 1980கள் முதல் பதிவாகி வருகிறது. நைத்திரேற்று ஒளியை உறிஞ்சுவது 220 நானோமீற்றரில், கழியூதாப் பகுதியில். பிளந்த ஃபோட்டான்கள் எப்போதும் மூல ஃபோட்டானைவிட நெடிய அலைநீளம் உடையவை. எனவே 220இல் ஒரு துணையைப் பெற, அதனினும் குறுகிய அலைநீள லேசரும் அதைத் தாங்கும் பளிங்கும் வேண்டும். சாதாரண விளக்கொன்று அந்த அளவீட்டை நன்றாகவே செய்கையில் அவ்வளவு பாடு எதற்கு?

எண்ணெய்தான் இம்முறைக்கு இயல்பான இலக்கு. 532 நானோமீற்றர் லேசரைப் பிளந்து ஒரு துணையை 3.4 மைக்குரோமீற்றரில் பெற்றால், மற்றது ஏறத்தாழ 631 நானோமீற்றரில், சிலிக்கன் உணரி நன்றாகக் காணும் சிவப்பில் விழும். லிதியம் நயோபேற்றுப் பளிங்கு இரண்டையும் கடத்தும். ஏட்டில் எல்லாம் பொருந்துகிறது.

தடை நீர். 3.4 மைக்குரோமீற்றரில் நீரே ஒளியைப் பத்து, பதினைந்து மைக்குரோமீற்றர் ஆழத்துக்குள் விழுங்கிவிடும். லீற்றருக்கு ஒரு மில்லிகிராம் எண்ணெய் கலந்த நீரில் அந்த ஆழத்துக்குள் இருக்கும் எண்ணெயைப் படலமாக விரித்தால் அதன் தடிப்பு ஓர் அணுவின் பருமனிலும் குறைவு. அது உறிஞ்சுவது பத்து இலட்சம் ஃபோட்டான்களில் பத்துக்கும் குறைவானவற்றை. இதைப் பிரித்தறியச் சில ஆயிரம் கோடி ஃபோட்டான்கள் போதும். எந்தச் சிறு லேசரும் அதை நொடியில் தரும். ஆக இங்கே ஃபோட்டான் எண்ணிக்கையின் இரைச்சல் தடையாகவே இல்லை. நீரின் வெப்பநிலை சற்று மாறினாலே வரும் உறிஞ்சல் வேறுபாடு எண்ணெயின் சைகையை மூழ்கடித்துவிடும். பிணைந்த ஒளி அதைத் திருத்தாது.

மறுபுறம், ஒரு லீற்றர் நீரிலுள்ள எண்ணெயைப் பத்து மில்லிலீற்றர் தகுந்த கரைப்பானுக்குள் திரட்டிவிட்டால், ஒரு சென்ரிமீற்றர் நீளக் குப்பியில் பாதிக்கு மேற்பட்ட ஒளி உறிஞ்சப்படும். பழைய செங்கீழ் நிறமாலைமானி அதைச் சிரமமின்றிக் காணும். திரட்டாவிட்டால் இரண்டு முறையாலும் ஆகாது. திரட்டினால் பழைய முறையே போதும். அதற்குப் பிறகும் 3.4 மைக்குரோமீற்றர் உறிஞ்சல் எல்லா எண்ணெய்க்கும் பொது. எரிபொருளையும் சமையல் எண்ணெயையும் பிரிக்க 5.7 மைக்குரோமீற்றர் அருகிலுள்ள காபன்-ஒக்சிசன் பிணைப்பின் உறிஞ்சலும் வேண்டும். லிதியம் நயோபேற்று அங்கே ஒளிபுகாதது. எரிபொருள்களுக்குள் எது என்று கேட்டால் வாயு நிறப்பகுப்பும் திணிவு நிறமாலைமானியும் சேர்ந்த கருவிக்கே போக வேண்டும்.

ஓர் இடம் மட்டும் நம்பிக்கைக்கு உரியது: கிணற்று நீருக்கு மேலுள்ள காற்று. நீரின் தடை அங்கே இல்லை. இம்முறை இதுவரை நன்றாக நிரூபித்திருப்பதும் வாயுக்களில்தான். எளிதில் ஆவியாகும் ஐதரோகாபன்கள் அங்கே சேரும். குளிரூட்டல் வேண்டாத, தோளில் தூக்கிச் செல்லக்கூடிய கருவியொன்று அவற்றை அலைநீளம் அலைநீளமாகப் பிரித்துக் காட்டினால் பயன் உண்டு. உலை எண்ணெய் போன்ற கனத்த எண்ணெய்கள் எளிதில் ஆவியாகா என்பதால் அந்தப் பயனும் பாதியே.

இன்னும் திறந்திருப்பவை

மாதிரியில் விழும் ஃபோட்டான் எண்ணிக்கையையும் அளக்கும் நேரத்தையும் சமமாக வைத்து, பிணைந்த சோடிக் கருவியையும் சிறந்த வழமைக் கருவியையும் ஒரே மாதிரியில் ஒப்பிட்ட ஆய்வுகள் குறைவு. வெளியாகும் முடிவுகளில் பெரும்பாலானவை தூய வாயு, மெல்லிய பிளாத்திக்குத் தாள், தெரிந்த கண்ணாடி போன்ற எளிய மாதிரிகள். கலவையொன்றை முன்கூட்டியே சொல்லாமல் கொடுத்து என்னவென்று கேட்கும் சோதனையே இனங்காணலின் உண்மையான தேர்வு; அது இத்துறையில் இன்னும் வழக்காகவில்லை. நிறப்பொருத்தத்தால் வரும் ஆதாயம் எவ்வளவு, பிணைப்பால் மட்டுமே வருவது எவ்வளவு என்ற கணக்கும் தீரவில்லை. மூலக்கூறுகளின் இரட்டை உறிஞ்சல் இன்னும் சில ஆண்டுகள் சர்ச்சையாகவே இருக்கும்.

பணம் வருகிறது. 2023 ஏப்ரலில் இந்தியா 6,003 கோடி ரூபாவுக்கு மேற்பட்ட தேசியக் குவாண்டம் திட்டத்துக்கு ஒப்புதல் தந்து, உணர்தல் பிரிவின் மையத்தை மும்பை ஐ.ஐ.டி.யில் வைத்திருக்கிறது. குடாநாட்டிலிருந்து பார்த்தால் பிணைந்த ஃபோட்டான் ஆய்வு நடக்கும் அருகிலுள்ள இடங்களில் ஒன்று பெங்களூரின் ராமன் ஆய்வு நிறுவனம். இங்குள்ள பல்கலைக்கழக மாணவர்கள் அங்கே போய்க் கற்பதைத் தடுக்க எந்த நியாயமும் இல்லை. தூய அறிவியலாக இதன் பெறுமதி ஐயத்துக்கு அப்பாற்பட்டது. குடிநீருக்கான முதலீடு என்ற பெயரில் இது வரும்போதுதான் கணக்குக் கேட்க வேண்டும். சுன்னாகப் பகுதிக் கிணறுகளின் நீர்மாதிரிகளை ஒழுங்காகச் சேகரித்துக் குளிரில் வைப்பதும், சந்தேகத்துக்குரிய எண்ணெய்கள் ஒவ்வொன்றின் நிறப்பகுப்புப் பதிவையும் ஒப்பிடுவதற்காகச் சேர்த்து வைப்பதும் அதற்கு முன்னே செய்ய வேண்டியவை. குவாண்டம் உணரி ஒன்றைக் குடாநாட்டுக்குக் கொண்டு வருவோரிடம் நாம் முதலில் கேட்க வேண்டியது ஓர் அட்டவணையை: பெயர் மறைத்துக் கொடுத்த அதே கிணற்று மாதிரிகளில் அவர்களின் கருவி என்ன சொன்னது, வாயு நிறப்பகுப்பு என்ன சொன்னது என்று.